இழைப்புளியில் பொறித்த பெயர்

தமிழில் ‘இழை’ என்னும் சொல் மிகுந்த பொருள்வளம் உடையது. நூலின் மெல்லிய புரியும் இழை; மகளிர் பூணும் அணியும் இழை. சந்தனக் கட்டையைக் கல்லில் தேய்ப்பதை இழைத்தல் என்கிறோம். மணியைப் பொன்னில் பதிப்பதையும் இழைத்தல் என்கிறோம். கரடுமுரடான பலகையைச் சீவிக் கை வைத்தால் வழுக்கும் வண்ணம் ஆக்குவதும் இழைத்தலே. அதனைச் செய்யும் கருவிக்கு நம் தச்சர்கள் வழங்கும் பெயர் இழைப்புளி. இழைப்பு, உளி என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. கருவியின் இலக்கணம் முழுவதும் அப்பெயரில் அடங்கிவிட்டது. அடிப்படையில் அது ஓர் உளிதான்; ஆனால் கட்டையொன்றுக்குள் குடிவைக்கப்பட்ட உளி.

வெறும் உளியால் பலகையைச் சமப்படுத்த முயன்றவர்க்கே அதன் தொல்லை விளங்கும். கை சற்றே தாழ்ந்தால் உளி மரத்துக்குள் ஆழ்கிறது. சற்றே உயர்ந்தால் வெறும் காற்றைச் சீவுகிறது. எவ்வளவு தேர்ந்த கையாயினும் ஒரு முழ நீளத்துக்கு ஒரே ஆழத்தில் உளியைச் செலுத்துதல் அரிது. அந்த ஆழத்தைக் கையின் பொறுப்பிலிருந்து எடுத்துக் கட்டையின் பொறுப்பில் விட்டதே இழைப்புளியை முதலில் கண்டவரின் அறிவு. கட்டையின் தட்டையான அடிப்பக்கம் பலகைமேல் நகர்கிறது. அதன் நடுவிலுள்ள வாயின் வழியே அலகின் முனை மயிரிழையளவு வெளியே நீண்டிருக்கிறது. மேட்டை மட்டுமே அது தொடும். பள்ளத்தைத் தாண்டிச் செல்லும். மேடுகள் எல்லாம் தீர்ந்த பிறகே ஒரு முனை முதல் மறுமுனை வரை அறுபடாத சுருள் எழும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேயி நகரிலிருந்து இழைப்புளிகள் கிடைத்துள்ளன. கட்டை, வாய், அலகு, ஆப்பு ஆகிய உறுப்புகள் அன்றே அமைந்துவிட்டன.

ஒரு மேசையையோ கதவையோ காண்பவர் அதைச் செய்த தச்சரை நினைப்பது அரிது. அத்தச்சரின் கையிலிருந்த கருவியைச் செய்தவரை நினைப்பது அதனினும் அரிது. அவ்வாறு நினைக்கப்படாது போன பல்லாயிரவருள் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் பெயர் சீசர் செலர். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் வாழ்ந்தவர். மற்றொருவரின் உடைமையாக எண்ணப்பட்ட கறுப்பின மனிதர். இழைப்புளி செய்வதில் தேர்ந்தவர். பின்னர் விடுதலை பெற்றுத் தம் கருவிகளில் தம் பெயரைப் பொறித்தவர். அந்தப் பெயரின் மதிப்பை உணர வேண்டுமாயின், அவர் கை செய்த வேலை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆகவே கருவியிலிருந்தே தொடங்குவோம்.

வாயின் நுட்பம்

மரம் என்பது நார்களின் கட்டு. வைக்கோற் கட்டு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நார்கள் பலகையின் முகத்துக்கு இணையாக ஓடினால் எந்த அலகும் இனிதாகச் சீவும். ஆனால் அவை எங்கேனும் ஓரிடத்தில் சாய்ந்து உள்நோக்கி இறங்குவதே வழக்கம். அவ்விடத்தில் அலகு சீவுவதில்லை, பிளக்கிறது. விறகு பிளக்கும் கோடரியைப் போல நாருக்கு அடியில் நுழைகிறது. அலகு வந்து சேருமுன்னரே பிளவு அதற்கு முன்னால் ஓடுகிறது. முடிவில் சிலாம்பு பெயர்ந்து பள்ளம் விழுகிறது. அவசரமாகச் செய்த கதவுகளில் எதிர்வெளிச்சத்தில் நாம் காணும் சொரசொரப்பான திட்டுகள் இவ்வாறு வந்தவையே.

இந்தப் பிளவை அடக்குவது இழைப்புளியின் வாய். அலகுக்கு நேர் முன்னே உள்ள கட்டையின் விளிம்பு பலகையை அழுத்தியபடி செல்கிறது. நார் மேலெழ முயலும்போது அவ்விளிம்பு அதனைக் கீழே அமுக்குகிறது. எழுந்த நார் அங்கேயே மடிந்து முறிகிறது. பிளவு நீள வழியில்லை. வாய் அகன்றிருந்தால் இந்த அழுத்தம் அலகுக்கு வெகு தொலைவில் போய்விடும். எனவே மெருகு வேலைக்குரிய நல்ல இழைப்புளியின் வாய் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். அவ்வளவு குறுகிய இடைவெளியில் சுருளும் தடையின்றி நுழைந்து மேலே வெளியேற வேண்டும். நெருக்கமும் வேண்டும், வழியும் வேண்டும். ஒன்றுக்கொன்று பகையான இவ்விரண்டையும் ஒரே துளைக்குள் இணங்கவைப்பதில்தான் இழைப்புளி செய்பவரின் திறமை முழுவதும் அடங்கியுள்ளது. மற்றவை எல்லாம் பொறுமையால் வருவன. இது ஒன்று மட்டும் கண்ணாலும் கையாலும் வருவது.

அலகு சாய்ந்திருக்கும் கோணமும் கருதத்தக்கது. பொதுவான வேலைக்கு 45 பாகை. நார் பின்னிப் பிணைந்த வன்மரங்களுக்கு 50, 55, சிலபோது 60 பாகை வரை நிமிர்த்துவர். நிமிர்ந்த அலகு நாரைத் தூக்குவதற்குப் பதிலாகச் சுரண்ட முற்படும். சிலாம்பு பெயர்வது குறையும். ஆனால் தள்ளுபவரின் தோள் அதற்கு விலை கொடுக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அலகின் மேல் மற்றொரு தகட்டைப் பொருத்தி, எழும் சுருளை உடனே முறிக்கும் இரட்டை அலகு முறை பரவிற்று.

கட்டை முதல் கருவி வரை

பழங்காலத்தில் தச்சரே தம் இழைப்புளியைச் செய்துகொண்டனர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் இழைப்புளி செய்வது தனித் தொழிலாகப் பிரிந்தது. வீடுகளின் கதவு, சாளரம், உத்தரத்தின் ஓரம் ஆகியவற்றில் வளைவும் வரியுமாக விளிம்புக்கோலங்கள் அமைக்கும் வழக்கம் பெருகியதே இதற்குக் காரணம். ஒவ்வொரு கோலத்துக்கும் தனியொரு இழைப்புளி வேண்டும். ஒரு தச்சரின் பெட்டியில் பத்து, இருபது, முப்பது என அவை சேர்ந்தன. அத்தனையையும் தாமே செய்துகொள்ள எவருக்கு நேரம்?

இங்கிலாந்தில் இதற்கு உகந்ததாகக் கொள்ளப்பட்டது பீச் மரம். அது கடினமானது, சீரான நார் உடையது, தேயத் தேய மெருகேறுவது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் தொடக்ககாலத்தில் மஞ்சள் பிர்ச் மரத்தையே மிகுதியாகப் பயன்படுத்தினர். மரத்தைத் துண்டுகளாக்கிச் சில ஆண்டுகள் நிழலில் உலரவிடுவர். அவசரப்பட்டு ஈரமரத்தில் செய்த கருவி பின்னர் முறுக்கிக்கொள்ளும். வாயின் நுட்பம் அத்துடன் போயிற்று. உலர்ந்த கட்டையில் பட்டையை நோக்கிய பக்கம் எது, நடுத்தண்டை நோக்கிய பக்கம் எது என்று பார்த்து, பட்டைப் பக்கத்தை அடியாக வைத்துக்கொள்வர். தேய்மானம் தாங்கும் பக்கம் அதுவே என்பது அவர்கள் துணிபு. நார் ஓடும் திசையும் தற்செயலாக விடப்படுவதில்லை. கட்டையின் பக்கவாட்டில் நார்கள் முன்முனையிலிருந்து பின்முனை நோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதும் வாலிலிருந்து தலைக்குத் தடவுவதும் ஒன்றல்ல அல்லவா? பலகைமேல் வழுக்கிச் செல்லும் அடிப்பக்கத்துக்கும் அதே நியதிதான்.

அடுத்து அளவு குறித்தல். பென்சில் கோடு இவ்வேலைக்கு உதவாது. அதன் தடிமனே வாயின் அளவை விழுங்கிவிடும். கூரிய கத்தியால் கீறிய கோடே கணக்கு. மேற்பக்கத்திலிருந்து தொண்டையையும் அடிப்பக்கத்திலிருந்து வாயையும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு தோண்டுவர். இரண்டும் கட்டைக்குள்ளே சந்திக்க வேண்டும். அலகு படுக்கும் சாய்தளம் உள்ளே இருட்டில் இருக்கிறது. உளி நீட்டிச் சமப்படுத்த அங்கே இடமில்லை. இதற்கென்றே இழைப்புளி செய்வோர் ‘ஃப்ளோட்’ எனப்படும் தனிக்கருவி ஒன்றை வைத்திருந்தனர். அரத்துக்கும் இரம்பத்துக்கும் இடைப்பட்ட பிறவி அது. நீண்ட எஃகுத் தகட்டின் முகத்தில் வரிவரியாகப் பெரிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அதனை உள்ளே விட்டுத் தள்ளுவதும் இழுப்பதுமாகச் சாய்தளத்தைத் தட்டையாக்குவர். பிறகு அலகின் பின்புறத்தில் விளக்குக் கரியைத் தடவி உள்ளே வைத்து எடுத்தால் எங்கே ஒட்டுகிறதோ அது மேடு. மேட்டைச் சுரண்டி மீண்டும் வைப்பர், மீண்டும் எடுப்பர். சாய்தளத்தில் அலகு முழுமையாக அமராவிடில், சீவும்போது அலகு நடுங்கிப் பலகையில் அலையலையாகத் தழும்பு விழும். ஒரு கருவியின் நேர்மை எவர் கண்ணுக்கும் படாத அதன் உட்புறத்தில் இருக்கிறது என்பதைத் தச்சர்கள் பேச்சின்றியே அறிந்திருந்தனர்.

அலகை இறுக்கிப் பிடிப்பது ஆப்பு. சாதாரண இழைப்புளியில் அது கவைபோல இரு கால்களாகப் பிரிந்து, கட்டையின் இரு கன்னங்களிலும் வெட்டிய சரிவான பள்ளங்களில் இறங்கும். நடுவே சுருள் வெளியேற வழி கிடைக்கும். ஆப்பின் பிடி மேலே மட்டும் இறுகிக் கீழே தளர்ந்திருந்தால் சுருள் அந்தச் சந்தில் புகுந்து அடைத்துக்கொள்ளும். வாய்க்கருகில்தான் பிடி வலுவாக இருக்க வேண்டும். இதையும் கரி தடவியே சோதிப்பர். அலகும் முழுவதும் ஒரே தடிமன் உடையதன்று. தேனிரும்புத் தகட்டின் நுனியில் எஃகைக் காய்ச்சி இணைத்து, வெட்டும் முனைப்பக்கம் தடித்தும் மேற்பக்கம் மெலிந்தும் இருக்கும்படி அடித்திருப்பர். மரம் எதிர்த்து அலகை மேலே தள்ளினால், தடித்த பகுதி ஆப்புக்கடியில் இன்னும் இறுகும். எதிர்ப்பையே பிடிமானமாக்கும் இந்த ஏற்பாடு நம்மை வியக்கவைப்பது. அலகை வெளியே நீட்ட வேண்டுமானால் அதன் தலையில் மெல்ல ஒரு தட்டு. உள்ளிழுக்க வேண்டுமானால் கட்டையில் ஒரு தட்டு. திருகு இல்லை, நெம்புகோல் இல்லை. பழகிய காது தட்டும் ஒலியிலேயே அளவை அறிந்துகொள்ளும்.

விளிம்புக்கோல இழைப்புளி செய்வது இதனினும் கடினம். அதன் அடிப்பக்கமே வளைந்தது. பலகையின் விளிம்பில் குவிந்த வளைவு வேண்டுமெனில் கட்டையின் அடியில் குழிந்த வளைவு வேண்டும். அந்தக் குழிவைச் செதுக்குவதற்கு அதற்கு நேர்மாறான வளைவுள்ள வேறொரு இழைப்புளி தேவை. அதனைத் தாய் இழைப்புளி என்பர். ஒரு தாயிடமிருந்து ஒரே அச்சாகப் பல கருவிகள் பிறக்கும். பிறகு அலகை மென்மையான நிலையிலேயே அரத்தால் ராவி, கட்டையின் வளைவோடு மயிரிழையும் பிசகாமல் பொருந்தச் செய்து, செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் அமிழ்த்திக் கடினமாக்குவர். அந்நிலையில் அது கண்ணாடிபோல நொறுங்கும். மீண்டும் மிதமாகச் சூடேற்றி, வைக்கோல் நிறம் படர்ந்ததும் நிறுத்துவர். நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்பது இதனையே. சற்றுத் தாமதித்து நீலம் படரவிட்டால் முனை மழுங்கும்.

ரெந்தம் ஊரின் சீசர்

இத்தனை நுட்பமும் கைவரப்பெற்ற ஒருவர் மற்றொருவரின் சொத்துப் பட்டியலில் இருந்தார் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கலாம்.

ஃபிரான்சிஸ் நிக்கல்சன் 1683இல் பிறந்தவர். அமெரிக்காவில் தொழில்முறையாக இழைப்புளி செய்தவராகப் பெயர் அறியப்பட்டவருள் முதல்வர். மாசசூசெட்ஸில் ரெந்தம் என்னும் சிற்றூரில் அவர் பட்டறை அமைத்தார். அவருடைய மகன் ஜானும் அதே தொழிலில் ஈடுபட்டார். அப்பட்டறையில் மூன்றாமவராக உழைத்தவர் சீசர். ரோமப் பேரரசன் ஒருவனின் பெயரை அடிமைக்குச் சூட்டுவது அக்கால எஜமானர்களின் வழக்கம். அதில் ஏளனமும் கலந்திருந்தது என்பதை மறுக்க இயலாது. நிக்கல்சனின் முத்திரை தாங்கிய கருவிகளுள் சிலவற்றைச் செய்தவை சீசரின் கைகளே என ஆய்வாளர் கருதுகின்றனர். கருதுவதற்கு இடமுண்டு; ஏனெனில் பின்னாளில் அவர் தனியாகச் செய்தவை நிக்கல்சனின் கருவிகளுக்குச் சிறிதும் தாழ்ந்தவை அல்ல.

நிக்கல்சன் 1753இல் இறந்தார். தம் இறுதி முறியில் சீசருக்கு விடுதலை எழுதிவைத்தார். அத்துடன் 10 ஏக்கர் நிலம், பட்டறை மேசை, அதற்குரிய கருவிகள், உளிகள் ஆகியவற்றையும் கொடுத்தார். அக்கால நடைமுறையோடு ஒப்பிட்டால் இது தாராளமானதே. விடுதலை என்ற பெயரில் வெறுங்கையோடு தெருவில் விடப்பட்டோர் பலர். ஆனால் அந்தப் பட்டியலில் வேறு சிலவும் இருந்தன: சீசரின் படுக்கை, சீசரின் பெட்டி, சீசரின் ஆடைகள். ஒரு மனிதன் உடுத்தியிருந்த உடையைக்கூட மற்றொருவர் எழுத்தால் வழங்கினாலன்றி அது அவனுடையதாகாது என்பதே அன்றைய சட்டம். தாராளத்தைப் பாராட்டுவோர் இவ்வரியையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

எழுத்தால் வழங்கத் தேவையில்லாத ஒன்று சீசரிடம் இருந்தது. சாய்தளத்தைக் கரி தடவிச் சமப்படுத்தும் கை, வாயின் அளவை அறியும் கண், வைக்கோல் நிறத்தில் அலகை நிறுத்தும் நிதானம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை, ஏறவும் இயலாது. மேசையும் உளியும் கிடைத்ததும் அக்கல்வி அவருக்குச் சோறிட்டது. ரெந்தமிலேயே தங்கித் தாமே பட்டறை நடத்தினார், குடும்பம் கண்டார், 1784இல் மறையும் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுதந்திர மனிதராகத் தொழில் செய்தார். மாசசூசெட்ஸில் அடிமை முறை சட்டத்துக்குப் புறம்பானது என நீதிமன்றம் கூறியதே 1783இல்தான்.

அவர் செய்த விளிம்புக்கோல இழைப்புளிகள் ஏறத்தாழ 10 அங்குல நீளமுள்ளவை. மேல் ஓரங்களில் அகலமான, தட்டையான சரிவு வெட்டப்பட்டிருக்கும். கையை உறுத்தாதிருக்க வேண்டும் என்பதே அதன் பயன். அழகும் உடன் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றின் முன்முனையிலும் எழுத்து முத்திரை அடிக்கப்பட்டுள்ளது. ‘சீ. செலர்’ என்ற பெயரை அடுத்து, ரெந்தமில் வாழ்பவர் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். நிக்கல்சனும் தம் பெயரோடு அதே சொற்களைப் பொறித்திருந்தார். அப்பகுதிக் கைவினைஞரின் வழக்கம் அது. வாங்குவோர்க்கு முகவரி தெரிய வேண்டும் அல்லவா? நிக்கல்சனின் கட்டையில் அது வெறும் முகவரியே. செலரின் கட்டையில் அதே சொற்களைப் படிக்கும்போது நமக்கு அப்படித் தோன்றுவதில்லை. பிறர் பட்டறையில் இருந்தவர் இப்போது ஓர் ஊரில் வாழ்பவர் ஆகியிருக்கிறார். மரத்தில் எஃகெழுத்தை வைத்து ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வேறுபாட்டை அவர் உணர்ந்திருக்க மாட்டாரா?

பெயர் பொறித்தல் அக்காலத்தில் வெறும் பெருமைக்குரிய செயலன்று என்பதையும் கூற வேண்டும். அது ஒரு பிணை. வாய் அடைத்துக்கொண்டால், கட்டை முறுக்கிக்கொண்டால், தச்சர் தேடிவந்து கேட்க வேண்டிய ஆள் யார் என்பதை அது சொல்லிவிடுகிறது. கறுப்பின மனிதர் ஒருவரின் பெயரை நம்பி வெள்ளையர் தச்சர்கள் காசு கொடுத்து வாங்கினர் என்பதற்கு எஞ்சியிருக்கும் அக்கருவிகளே சான்று. அக்கருவிகளின் அடிப்பக்கம் தேய்ந்திருப்பது மற்றொரு சான்று.

பெயரற்ற மற்றொரு தச்சர்

இவ்விடத்தில் நம் நினைவு மதீனாவுக்குச் செல்வது இயல்பு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொடக்கத்தில் பேரீச்ச மரத்தண்டு ஒன்றின் அருகில் நின்று மக்களுக்கு உரையாற்றினார்கள். பின்னர் மூன்று படிகள் கொண்ட மிம்பர் அமைக்கப்பட்டது. அதனைச் செய்தவர் அன்சாரிப் பெண்மணி ஒருவரிடம் அடிமையாக இருந்த தச்சர் என்றும், ‘ஃகாபா’ என்னும் இடத்திலிருந்து கொணர்ந்த மரத்தால் அதனைச் செய்தார் என்றும் புகாரி தொகுப்பில் காண்கிறோம். பெருநாளும் வெள்ளியும் தோறும் உலகெங்கும் இமாம்கள் ஏறி நிற்கும் மிம்பர்களுக்கெல்லாம் மூலம் அந்த அடிமைத் தச்சரின் கைவேலை. அவர் பெயர் அங்கே இல்லை. பிற நூல்களில் வேறு வேறு பெயர்கள் சொல்லப்படுகின்றன. பள்ளிவாசலில் மிம்பரை நாள்தோறும் காணும் நாம் அதைச் செய்தவரை எண்ணுவதுண்டா என்பது இம்மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு நாம் வைக்கும் சிறு வினா.

கைத்தொழிலை நம் மார்க்கம் ஒருபோதும் இழிவாகக் கருதியதில்லை. ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது முஸ்லிம் தொகுப்பில் உள்ள செய்தி. தாவூது (அலை) அவர்கள் தம் கை உழைப்பால் உண்டார்கள் என்பது பலரும் அறிந்தது. அடிமையை விடுவிப்பதை இஸ்லாம் பேரறமாகவும், சில பிழைகளுக்குப் பரிகாரமாகவும் வைத்தது. இவற்றை மேடையில் எடுத்துரைக்கும் நம்மவருள் சிலர், வீட்டுக்குக் கதவு பொருத்த வரும் ஆசாரியை உட்காரச் சொல்லவும் தயங்குகின்றனர். உரைக்கும் நடைக்கும் இடையிலுள்ள இத்தொலைவைப் பெரியோர் எண்ணிப் பார்ப்பார்களாக.

இழைப்புளியின் பிற்கால வரலாற்றை விரிக்க இங்கே இடமில்லை. லெனார்டு பெய்லி என்னும் அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு இழைப்புளியைச் செம்மைப்படுத்தினார். ஆப்புக்குப் பதில் நெம்பு மூடி வந்தது. தட்டுவதற்குப் பதில் திருகு வந்தது. அவருடைய உரிமங்களை 1869இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கிற்று. ஆலையில் ஆயிரக்கணக்கில் அவை வெளிவந்தன. மரக்கட்டை இழைப்புளி செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பட்டறையை மூடினர். நம் ஊர்ப் பட்டறைகளிலும் இரும்பு இழைப்புளி புகுந்தது. அதன்பின் மின்சார இழைப்புளி வந்தது. வேகம் கருதுவோர் இதனைக் குறைகூற முடியாது. பத்து ஆள் வேலையை ஓர் ஆள் முடிக்கிறார்.

ஆயினும் கைவேலை முற்றும் அழிந்துவிடவில்லை. சைபீரியாவில் 1920இல் பிறந்து, ஸ்வீடனில் தொழில் கற்று, அமெரிக்காவில் ஆசிரியராக விளங்கிய ஜேம்ஸ் கிரெனோவ் இதில் ஒரு திருப்பத்தை உண்டாக்கினார். உட்புறத்தைத் தோண்டுவதுதானே கடினம்? அவர் கட்டையை நெடுக அறுத்து இரு கன்னங்களைப் பிரித்தார். நடுப்பகுதியில் சாய்தளத்தை வெளிச்சத்திலேயே வெட்டிச் சமப்படுத்தினார். பிறகு கன்னங்களை மீண்டும் பசையால் ஒட்டினார். இருட்டில் செய்த வேலை கண்முன் வந்துவிட்டது. ஃப்ளோட் இல்லாமலேயே மாணவர் எவரும் தமக்குரிய இழைப்புளியைச் சில நாளில் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் நகரில் 1981இல் தொடங்கிய பள்ளியில் அவர் இதனைக் கற்பித்தார், 2009இல் மறைந்தார். பழைய முறை மேலானதா, இம்முறை மேலானதா என்று வழக்காடுவோர் உண்டு. உள்ளே கை நுழையாத இடத்தில் தட்டையான தளம் ஒன்றை உண்டாக்கிய பழையவர்களின் திறமைக்கு ஈடில்லை என்பதே நம் கருத்து. ஆனால் ஒரு மாணவன் தன் கருவியைத் தானே செய்து, தானே அதில் பழகுவதால் வரும் அறிவையும் குறைத்து மதிப்பிட முடியாது.

சீசர் செலரின் இழைப்புளிகள் இன்று அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. வர்ஜீனியா மாநிலத்தின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க்கிலும், 2016இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும் அவை உள்ளன. கருவி சேகரிப்போர் பழைய இழைப்புளி ஒன்றைக் கையில் எடுத்தால் அலகையோ ஆப்பையோ முதலில் பார்ப்பதில்லை. கட்டையைத் திருப்பி, அதன் முன்முனையை வெளிச்சத்தில் பிடிக்கின்றனர். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். அக்கருவியைப் பின்னாளில் வாங்கிய தச்சர்களும் தத்தம் பெயரை அதே முனையில் அடித்துக்கொள்வது வழக்கம். ஆதலால் ஒரே கட்டையில் உடையவர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கும். அவற்றோடு, செய்தவர் பெயர் ஒன்றும் இருக்கும்.